தேரியைப் பாலைவனம் என்று சொல்லாதீர்கள்

'தமிழ்நாட்டின் பாலைவனம்' என்று தலைப்புப் போட்டு, செம்மணல் மேட்டில் ஜீப் ஓட்டும் வீடியோ ஒன்றை நேற்று மூன்று பேர் எனக்கு அனுப்பினார்கள். அது எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி; செம்மணல் மேடுகள் நிறைந்த காட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் பக்கத்தைப் பார்க்க நாலு பேர் வருவது சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் மனசு வலிக்கிறது.

திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாகக் குதிரைமொழித் தேரிக்குப் போனால், கண்ணுக்கு எட்டிய வரை வீடு கிடையாது. சிவப்பு மணல், முள் நிறைந்த உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி, பனை. அவ்வளவுதான். ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பருக்கை எல்லாம் குவார்ட்ஸ்தான்; மேலே மெல்லிசாக இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். நடுவில் கறுப்பாக மினுங்குவது இல்மனைட் என்ற தாது.

மழை பெய்தால் இங்கே வெள்ளம் ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் விழுவதை மணல் அப்படியே குடித்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் கசியவிட்டு, தேரியின் ஓரத்துக் கிணறுகளுக்கும் தாழ்ந்த இடத்துச் சுனைகளுக்கும் கொடுக்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் போனபோது மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. சுனைப் பக்கம் வந்ததும் மண்ணில் ஈரம், மரநிழல், தவளைச் சத்தம். அம்மா தண்ணீரை அள்ளி முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதையா பாலைவனம் என்பது?

சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் சிறு கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் புழங்கிய இடம் இது.

ஆடிக் காற்றில் இந்த மணல் நகரும். அதைக் கட்டிப்போடத்தான் வெள்ளைக்காரன் காலத்திலேயே பனையும் உடைமரமும் விதைத்தார்கள். இன்றைக்கும் மணலைப் பிடித்து நிற்பவை அந்த வேர்களும், தரையோடு படர்ந்த கொடிகளும்தான். ஜீப் சக்கரம் முதலில் நசுக்குவது அந்தக் கொடிகளைத்தான். போன மாதம் ஒரு மேட்டில் சக்கரத் தடம் போன இடமெல்லாம் கொடி அறுந்து காய்ந்து கிடந்தது. பக்கத்தில் உடைந்த பாட்டில்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாருங்கள், தாராளமாக வாருங்கள். வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வெயில் ஏறுவதற்குள் நடந்து பாருங்கள். சித்திரையில் வந்தால் பதநீர் குடிக்கலாம். திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள்; பனையேறிகள் வீட்டில் அடுப்பு எரியும்.