நீலகிரிக்கு எரிமலை தேவையில்லை
'ஊட்டி மேட்டு மண்ணை ஆய்வகத்தில் ஆண்டிசால் (பெரும்பாலும் எரிமலைச் சாம்பலில் உருவாகும் மண்வகை) என வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே நீலகிரி ஒரு பழைய எரிமலை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பாதி சரி. 'ஆகவே'க்குப் பிறகு வருவதுதான் தவறு.

அங்கே அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் மிகப் பழைய உருமாற்றப் பாறை. வகைப்பாடு பார்ப்பது மண்ணின் பூர்வீகத்தை அல்ல, குணத்தை: குறைந்த அடர்த்தி, பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மை, ஆக்சலேட் கரைசலில் வெளிவரும் அலுமினியம், இரும்பு. நெடுங்காலம் சிதைந்து கிப்சைட் என்னும் அலுமினியக் கனிமம் மிகுந்துவிட்ட அந்தப் பாறைச்சிதைவிலிருந்து வரும் அலுமினியம் மட்கோடு பிணைகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் நிலவும் குளிரும் சேர்ந்து மட்கைச் சிதையவிடாமல் காக்க, கறுத்த மேல்மண் உருவாகிறது. எரிமலைச் சாம்பல் மண்ணில் வழக்கமாகக் கிடைக்கும் அல்லோபேன் என்னும் கனிமம் இதில் முக்கியப் பொருளே அல்ல. (அல்லோபேன் குறைவாக இருப்பதை மட்டும் சான்றாக்க முடியாதுதான், ஜப்பானில் அமிலம் கூடிய எரிமலைச் சாம்பல் மண்ணிலும் அது அரிது. பாறையையும் பார்த்தாக வேண்டும்.)

இன்னொன்று: இது உயர்ந்த பீடபூமியின் கதை. கீழ்ச்சரிவுகளில் செம்மண்ணைப் பார்க்கலாம். ஒரு மாதிரியை வைத்து மாவட்டம் முழுவதற்கும் பெயர் சூட்ட வேண்டாம்.