"ஃபாரின் சார் யாராவது இருக்காங்களா?"

வேளச்சேரியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் 12 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அட்மிஷனுக்கு வரும் பெற்றோரின் முதல் கேள்வி ஃபீஸ் பற்றிக்கூட இல்லை. "ஃபாரின் சார் யாராவது கிளாஸ் எடுப்பாங்களா மேடம்?" போன வாரம் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். வயிறு எரிந்தது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்பதை 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி நடந்த மாநாட்டில் ஒரு கொள்கையாகவே வைத்தார்கள். அது தவறான நம்பிக்கை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே எழுதிவிட்டார். இங்கே யாரும் விட்டபாடில்லை.

நேற்று ஒரு பையன் 'ஓப்பன்' என்பதை 'ஓபன்' என்று வாசித்தான், 'கோபம்' என்பதில் வருகிற அதே மெலிந்த ப. தமிழில் இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒற்றையாக வரும் ப அப்படித்தான் ஒலிக்கும். அவன் மேல் தப்பே இல்லை. 'கப்பல்' என்று நாலு தடவை சொல்லச் சொன்னேன். "அந்த ப்ப-வை இங்கே வைப்பா" என்றேன். இரண்டே நிமிடத்தில் சரியாக வந்தது, முகமெல்லாம் சிரிப்பு. அதே தப்பைச் செய்து, திருத்திக்கொண்டு வந்தவள் நான். அதனால்தான் அது எங்கே இடறுகிறது என்று எனக்குத் தெரிகிறது.

அப்புறம் சம்பளம். ஆசிரியப் பயிற்சியே இல்லாமல் மூன்று மாதம் வந்துபோன வெள்ளைக்காரப் பையனுக்கு என்னைப்போல இரண்டு மடங்கு. எம்.ஏ., பி.எட். முடித்த என்னிடம், "ஆக்சென்ட் கொஞ்சம் மாத்திக்கோங்க மேடம்" என்கிறார்கள். என் பிள்ளைகள் நாளைக்குப் பேசப்போவது பெங்களூர்க்காரரிடமும் சிங்கப்பூர்க்காரரிடமும். யார் ஆக்சென்டுக்கு நான் மாற வேண்டும்?