ஆட்டிசத்துக்கு மாற்றுத்திறனாளி சான்று கிடையாதா?

"கண், காது குறைபாட்டுக்கு மட்டும்தான் அரசு சான்று. ஆட்டிசம் பட்டியலிலேயே இல்லை, அலையாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. அந்தப் பழைய தகவல்தான் இன்னும் உலவுகிறது போல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள். ஆட்டிசம் அதில் தெளிவாக இருக்கிறது. பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களும் பல்வகைக் குறைபாட்டின் கீழ் வருகிறார்கள்.

இந்தச் செய்தியை நம்பினால் இழப்பு குழந்தைக்குத்தான். குக்கர் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளியும் பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையா, ஆட்டிசமா, இரண்டுமா? வீட்டில் உட்கார்ந்து இதை முடிவு செய்ய முடியாது. செவித்திறன் சோதனையும் வேண்டும், வளர்ச்சி மதிப்பீடும் வேண்டும். முதலில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் (DEIC) போங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

அப்புறம், நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவும் அதில் அடங்கும்.

சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அந்தச் செய்தியை அனுப்பியவருக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.