வானத்தில் கொட்டிய ஜல்லி

போன மாதம் காட்பாடி பக்கம், லாரியிலிருந்து சிந்திய ஜல்லியில் வண்டி சறுக்கி விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. எந்த லாரி என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அப்படியே கிடந்த ஜல்லியைக் கடைசியில் டீக்கடைக்காரர்தான் விளக்குமாற்றால் ஓரம் ஒதுக்கினார்.

அன்று இரவு கட்டுப்போட்ட கையோடு மொட்டை மாடியில் படுத்திருந்தேன். வேலூர் வெயிலுக்கு இரவு ஏழரைக்கும் தரை கொதிக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் பாய் விரிக்கலாம். மேலே ஒரு புள்ளி மின்னி மங்கி, மின்னி மங்கி நகர்ந்தது. "நட்சத்திரம் ஓடுதுப்பா" என்றான் பையன். செத்துப்போன ராக்கெட் பாகம் உருண்டுகொண்டே போனால் இப்படித்தான் மின்னும்.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரியில் ஏதோ வெடித்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்றார்கள். தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றது நாசா. நமக்கு எப்போதும் விழுவதைப் பற்றித்தான் பயம். விழுவதில் பெரும்பாலானவை காற்றிலேயே எரிந்துவிடும். தொல்லை, விழாமல் பூமியைச் சுற்றும் விண்வெளிக் குப்பையால்தான்.

ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து லட்சத்தைத் தாண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கணக்கு. அதாவது ஜல்லி சைஸ். போகிற வேகத்தில் காட்பாடியிலிருந்து சென்னைக்கு இருபது வினாடிகூட ஆகாது! 2009இல் ரஷ்யாவின் செத்த காஸ்மோஸ் செயற்கைக்கோள், வேலையிலிருந்த இரிடியம் செயற்கைக்கோள் மேல் மோதியதில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான பெரிய துண்டுகள். சுமார் 800 கிலோமீட்டர் உயரம், இறங்கிவர நூற்றாண்டுகூட ஆகலாம்.

சரி, நாம் மட்டும் யோக்கியமா? 2001இல் நம் பிஎஸ்எல்வியின் கடைசி அடுக்கும் மேலே வெடித்துச் சிதறியது. 2019இல் நம் செயற்கைக்கோளை நாமே சுட்டுக் கைதட்டினோம், நானும்தான் தட்டினேன். உயரம் குறைவு என்பதால் பெரும்பாலானவை சீக்கிரமே விழுந்தன.

அங்கே டீக்கடைக்காரர் வந்து கூட்டவும் வழியில்லை. உடைந்த துண்டும் பழைய சொந்தக்காரருக்கே சொந்தம் என்கிறது நாடுகள் போட்ட 1967 விண்வெளி ஒப்பந்தம். அடுத்தவன் தொட அனுமதி வேண்டும். அப்படியானால் சொந்தக்காரனே இறக்கட்டுமே. 2024இல் இஸ்ரோ பிஎஸ்எல்வி கடைசி அடுக்கை 650 கிலோமீட்டரிலிருந்து 350க்கு இறக்கி, மீதி எரிபொருளையும் காலிசெய்து, கடலுக்கு மேல் எரிய விட்டது. முடிகிற காரியம்தான். பழையதை இறக்கிய கணக்கைக் காட்டாதவருக்கு அடுத்த ராக்கெட்டுக்கு அனுமதி தரக்கூடாது, இஸ்ரோவானாலும் சரி.