பத்து இல்லாத சீட்டுக்கட்டு

(நியூஜெர்சி, எடிசன். சனிக்கிழமை இரவு. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். மறுநாள் கேசினோ சூதாட்ட விடுதிகள் உள்ள அட்லாண்டிக் சிட்டிக்குப் பயணம். சாப்பாட்டு மேஜையில் ஒரு சீட்டுக்கட்டு, பந்தயம் கட்ட ஒரு கிண்ணம் வேர்க்கடலை.)

மாப்பிள்ளை: மாமா, முதலில் இந்த நாலு பத்தையும் எடுத்து ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிடுகிறேன். நாளைக்கு ஆடப்போவது ஸ்பானிஷ் 21. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் ஒரு வகை. 21ஐத் தாண்டாமல், சீட்டு போடும் கேசினோ ஆளான டீலரைவிட அதிகம் சேர்க்க வேண்டும்; தாண்டினால் தோல்வி. அதில் பத்தே கிடையாது.

மாமா: நாலு சீட்டை ஒளித்துவிட்டு ஆட்டமா? எங்கள் ஊர் மன்றத்தில் ரம்மி ஆடும்போது ஒருத்தன் ஒரே ஒரு ஜோக்கரை மடியில் வைத்திருந்தான். இன்றைக்கும் அவனை உள்ளே விடுவதில்லை.

மாப்பிள்ளை: இவர்கள் சொல்லிவிட்டே எடுக்கிறார்கள் மாமா. ஜாக்கி, ராணி, ராஜா இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு பத்து. மொத்தம் 48 சீட்டு. அங்கே இப்படி ஆறு கட்டு, எட்டு கட்டு சேர்த்துக் கலைத்து வைத்திருப்பார்கள்.

மாமா: பத்து போனதில் யாருக்கு நஷ்டம்?

மாப்பிள்ளை: நமக்குத்தான். அதற்கு ஈடாகச் சலுகை தருகிறார்கள். டீலரும் நாமும் 21 வைத்திருந்தால் நாம்தான் ஜெயிப்போம். ஐந்து சீட்டில் 21 சேர்ந்தால் இரண்டுக்கு மூன்று போனஸ், ஆறு சீட்டில் இரண்டு மடங்கு.

மாமா: போனஸைப் பெரிய எழுத்தில் போட்டால் அடியில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்குமே. நானே எத்தனை நோட்டீஸ் அடித்திருக்கிறேன்!

மாப்பிள்ளை: அது... பந்தயத்தை டபுள் செய்தால் இந்த போனஸ் கிடையாது.

மாமா: வந்ததா சின்ன எழுத்து! சரி, போடுங்கள்.

(இருபது கடலையை எண்ணி வைக்கிறார். மாமாவுக்கு எட்டும் நாலும். டீலரின் திறந்த சீட்டு ஐந்து.)

மாமா: பன்னிரண்டு. ராஜா வந்தால் போச்சு. பேசாமல் நிற்கிறேன்.

மாப்பிள்ளை: சாதா பிளாக்ஜாக் என்றால் நிற்கலாம். இதில் பன்னிரண்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். உங்களைக் கவிழ்க்க ஜாக்கி, ராணி, ராஜா மட்டும்தான் இருக்கிறார்கள். 48ல் 12.

மாமா: நாலு பேரில் ஒருத்தர் காலி, மூன்று பேர் பிழைக்கிறார்கள். தாராளமாக பாலிசி கொடுக்கலாம். போடுங்கள்!

(ஒன்பது விழுகிறது. 21. மாமா ஜெயித்த கடலையை உடனே வாயில் போட்டுக்கொள்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா, அது சிப்ஸ்! தின்னக் கூடாது.

மாமா: கைக்கு வந்த க்ளெய்மை மேஜையில் வைத்துப் பழக்கமில்லை. அடுத்தது?

(மாமாவுக்குப் பதினேழு. டீலரிடம் ஆஸ்.)

மாமா: பதினேழு நல்ல கைதானே?

மாப்பிள்ளை: எதிரே ஆஸ் இருந்தால் நல்ல கை இல்லை. சரண்டர் செய்துவிட வேண்டும். பாதிப் பந்தயம் திரும்ப வரும்.

மாமா: சரண்டர் செய்தால் பாதியா? பரவாயில்லையே! முதல் வருடத்திலேயே சரண்டர் செய்ய வந்தவர்களுக்கு நாங்கள் காபி மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

மாப்பிள்ளை: அதற்கு முன்னால், டீலர் ஆஸ் காட்டியதும் ஒன்று கேட்பார். அதற்கு மட்டும் எப்போதும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாமா: என்ன கேட்பார்?

மாப்பிள்ளை: (தயங்கி) இன்சூரன்ஸ் வேண்டுமா என்று.

(மௌனம். மாமா கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறார்.)

மாமா: மாப்பிள்ளை, அந்தத் தொழிலில்தான் உங்கள் கல்யாணத்தை நடத்தினேன்.

மாப்பிள்ளை: கோபப்படாதீர்கள் மாமா. டீலருக்கு பிளாக்ஜாக் இருந்தால், அதாவது பதினொன்றாக எண்ணும் அந்த ஆஸோடு மூடிய சீட்டு ஜாக்கி, ராணி, ராஜாவில் ஒன்றாகி இரண்டே சீட்டில் 21 சேர்ந்தால், ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். பாதிப் பந்தயம்தான் பிரீமியம்.

மாமா: இருங்கள். பத்துக் கடலை பிரீமியம். நாலு தடவை வாங்கினால் நாற்பது. 48ல் 12 என்றால், சுமாராக நாலில் ஒரு தடவைதான் க்ளெய்ம். அப்போது இருபதும் கட்டின பத்தும், முப்பது வரும். மீதிப் பத்து அவனுக்கா?

மாப்பிள்ளை: ஆமாம் மாமா. கட்டுவதில் கால்வாசி அவனுக்கு. அந்தப் பத்துகளை எடுத்ததால்தான் இவ்வளவு மோசம். மற்றபடி கணக்காக ஆடினால் நூறு டாலர் பந்தயத்துக்கு ஒரு டாலருக்குக் குறைவாகத்தான் போகும்.

மாமா: நாலில் மூன்று பேருக்குச் சல்லிக்காசு தர வேண்டாம். வீடு வீடாக அலைய வேண்டாம், வாடிக்கையாளரே தேடி வந்து உட்காருகிறார். நாமினி கையெழுத்து கிடையாது, மெடிக்கல் கிடையாது...

மாப்பிள்ளை: புரிந்துவிட்டதா? நாளைக்கு வாங்க மாட்டீர்களே?

மாமா: நான் ஏன் வாங்கப்போகிறேன்? அதை விற்கிற அந்த டீலருக்குக் கமிஷன் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.