பதிவேடு வைக்காதவர்களே ஆதாரம் கேட்கிறார்கள்

நேற்று ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது வளைகுடாப் போர் நோய் பற்றிப் பேச்சு வந்தது. "1991ல முடிஞ்ச போர். அதுக்கு இன்னுமா ஆராய்ச்சி, இன்னுமா அமெரிக்காக்காரன் அரசுப் பணத்தைக் கொட்டிட்டு இருக்கான்? இத்தனை வருஷத்துல கண்டுபிடிக்காததை இனிமே என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவைத்திலிருந்து ஈராக்கை விரட்டப் போன அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 6,97,000 பேர். தரைப்போர் நடந்தது வெறும் 100 மணி நேரம். அமெரிக்கத் தரப்பில் செத்தவர்கள் குறைவு, வெற்றி ஊர்வலம் எல்லாம் நடந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு, மூட்டு வலி, தலைவலி, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோவது, வயிற்றுக் கோளாறு, தோலில் தடிப்பு. ஒருவருக்கு இருவருக்கு இல்லை, போனவர்களில் நாலில் ஒருவருக்காவது. இருபத்து சொச்சம் வயதில், தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த உடம்புகள் அவை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நார்மல்.

இந்த "எல்லாம் நார்மல்" என்ற வார்த்தையை நானும் இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன், என் விஷயம் இதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை, கடைசியில் வேறொரு மருத்துவர் ஒரே ஒரு பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் வலியைவிட அதிகம் படுத்தியது, எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மை நம்பவில்லை என்பது தெரிந்துபோவதுதான். அந்தப் படைவீரர்கள் அதை எத்தனை வருஷம் அனுபவித்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பதிவின் தொனி கொஞ்சம் சூடாக இருந்தால் காரணம் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி இவ்வளவு இழுத்ததற்கு நோய் சிக்கலானது என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. இந்த வீரர்கள் எதைத் தின்றார்கள், எதைச் சுவாசித்தார்கள் என்ற கணக்கை வைத்திருக்க வேண்டிய அரசு அதை வைக்கவில்லை. பிறகு அதே அரசு, "உனக்கு அது பட்டது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று நோயாளியிடம் கேட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதும் அதேதான், முடிவு பாதகமாக வந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டியதும் அதேதான்.

மாத்திரைக் கதையைக் கேளுங்கள். பைரிடோஸ்டிக்மின் புரோமைட் என்று ஒரு மருந்து. தசைகள் பலவீனமாகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய்க்குப் பல காலமாகக் கொடுப்பது. நரம்பு வாயுத் தாக்குதல் வந்தால் காப்பாற்றும் என்று வீரர்களுக்கு 8 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, 30 மில்லிகிராம். சுமார் இரண்டரை லட்சம் பேர் சாப்பிட்டார்கள். இந்தப் பயன்பாட்டுக்கு அப்போது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியே கிடையாது; அந்த அனுமதி வந்தது 2003ல். 1990 டிசம்பரில் ஒரு தற்காலிக விதி கொண்டுவந்து, வீரர்களின் சம்மதம் கேட்காமலே கொடுக்கலாம் என்றார்கள். போர்க்காலம், அவசரம், அதைக்கூட ஒருவர் வாதாடலாம். ஆனால் யார் எத்தனை மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று ஒழுங்கான குறிப்பு இல்லை பாருங்கள், அதற்கு என்ன வாதம் இருக்கிறது?

மாத்திரை மட்டும் இல்லை. பாலைவனத்து ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் பூச்சிமருந்து: கூடாரத்தில் தெளித்தது, சீருடையில் பெர்மெத்ரின், தோலில் டீட். சிலர் உண்ணி வராமல் இருக்க நாய்க்குக் கட்டும் மருந்துப் பட்டையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். மேலே வானத்தில், பின்வாங்கிய ஈராக் படை கொளுத்திவிட்டுப் போன 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளின் புகை.

நரம்பு வாயு, பூச்சிமருந்துகளில் ஒரு வகை, அந்த மாத்திரை, இந்த மூன்றும் உடம்புக்குள் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன. நரம்பு ஒரு சேதி அனுப்பியதும் அந்தச் சேதியைத் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. மூன்றுமே அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. தனித்தனியாகக் கொடுத்தால் தாங்கும் அளவு, சேர்த்துக் கொடுத்தால் தாங்குமா? டியூக் பல்கலைக்கழகத்தில் முகமது அபு-டோனியாவின் குழு இதே மாதிரிக் கேள்வியைத்தான் கோழிகளில் சோதித்து 1996ல் வெளியிட்டது. மாத்திரை மருந்து, டீட், பெர்மெத்ரின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது நரம்புப் பாதிப்பு தனித்தனியாகக் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தது. (ஏன் கோழி என்று நானும் யோசித்தேன். இந்த வகை நஞ்சுகள் தாமதமாகச் செய்யும் நரம்புச் சேதம் கோழிகளில் தெளிவாகத் தெரியுமாம்.)

அதே 1996ன் கடைசியில், அதிபர் கிளின்டன் அமைத்த ஆலோசனைக் குழுவின் அறிக்கை வந்தது. மன அழுத்தம் ஒரு முக்கியக் காரணியாக இருக்கக்கூடும் என்றது. அவ்வளவுதான், "மனசு சம்பந்தப்பட்டது" என்று ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஆராய்ச்சிப் பணத்தில் கணிசமான பங்கு அந்தத் திசையில் போனது. மன அழுத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. கேள்வியையே தப்பான இடத்தில் வைத்துக்கொண்டு பதில் தேடினார்கள் என்கிறேன்.

காமிஸியா விவகாரம் இன்னும் மோசம். 1991 மார்ச்சில், போர் முடிந்த பிறகு, தெற்கு ஈராக்கின் காமிஸியாவில் இருந்த ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் பொறியாளர் படையே வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே சாரின் என்ற நரம்பு வாயு நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்தன. பென்டகன் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1996 ஜூனில், ஐந்து வருஷம் கழித்து! முதலில் பாதிப்பு எல்லைக்குள் இருந்திருக்கக்கூடியவர்கள் சில நூறு பேர் என்றார்கள். பிறகு 5,000. பிறகு 20,000. 1997ல் கணினி மாதிரி போட்டுப் பார்த்து ஏறத்தாழ ஒரு லட்சம். சில நூறிலிருந்து ஒரு லட்சத்துக்கு ஒரே வருஷத்தில் போகிறது எண்ணிக்கை! அன்றைக்குக் காற்றில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை, அதனால்தான்.

2008ல், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி முடிவு சொன்னது: நோய் உண்மை, நாலில் ஒருவருக்காவது இருக்கிறது, சான்றுகள் அந்த மாத்திரையையும் பூச்சிமருந்துகளையும் காட்டுகின்றன, மன அழுத்தத்தைக் காட்டவில்லை. போர் முடிந்து 17 வருஷம் கழித்து.

அரசுக்கு வெளியே இருப்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் இல்லை. டெக்சாஸில் ராபர்ட் ஹேலி என்ற மருத்துவர், தொழிலதிபர் ராஸ் பெரோ கொடுத்த பணத்தில் ஆரம்பித்து, 1997லேயே இது நரம்பு நஞ்சின் வேலை என்று கட்டுரைகள் வெளியிட்டவர். அவருடைய முதல் ஆய்வு ஒரே ஒரு கடற்படைக் கட்டுமானப் பட்டாலியனில் 249 பேரை வைத்துச் செய்தது. இவ்வளவு சிறிய குழுவை வைத்து எல்லோருக்கும் எப்படிச் சொல்வது என்று கேட்டவர்கள் எல்லோரும் அரசின் கைக்கூலிகள் இல்லை, அது சரியான கேள்விதான். பிறகு நாடாளுமன்றமே தலையிட்டு, முன்னாள் படைவீரர் துறை மூலம் வருஷம் 1.5 கோடி டாலர், ஐந்து வருஷத்துக்கு என்று அவருடைய பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கச் செய்தது. 2009ல் அந்தத் துறை ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டது.

ஆனால் பெரிய அளவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பும் உறைய வைத்த ரத்த மாதிரிகளும் மிஞ்சின. அதிலிருந்து 1,016 பேரை எடுத்து, பாதிப்பேர் நோயாளிகள், பாதிப்பேர் ஆரோக்கியமானவர்கள், 2022ல் ஹேலி ஒரு கட்டுரை வெளியிட்டார். சாரினைச் சிதைக்கும் நொதி ஒன்றை உண்டாக்க பிஓஎன்1 என்ற மரபணு நம் எல்லோரிடமும் இருக்கிறது, சிலருக்கு அதன் வலுவான வடிவம், சிலருக்கு வலுவற்ற வடிவம். நரம்பு வாயு அபாயச் சங்கைக் கேட்டவர்களுக்கு, கேட்காதவர்களைவிட நோய்க்கான வாய்ப்பு கூடுதல். வலுவான வடிவம் இருந்தால் சுமார் 3.75 மடங்கு, வலுவற்ற வடிவம் மட்டுமே இருந்தால் சுமார் 9 மடங்கு. எல்லா விஞ்ஞானிகளும் இத்தோடு விஷயம் முடிந்தது என்று ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "சங்குச் சத்தம் கேட்டதா?" என்பதுதான் அந்த ஆய்வில் சாரின் பட்டதற்கான அளவுகோல். உலகத்திலேயே பணக்கார ராணுவத்தின் போரைப் பற்றி ஆராய, கணக்கெடுப்பு நடந்தபோதே பதினாறு வருஷமாவது பழையதாகிவிட்ட ஒரு சத்தத்தின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி ஏன் இழுக்கிறது என்ற நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இன்னொரு பாதி, நம்பாமை. 2017ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் சொன்னது: வளைகுடாப் போர் நோய் சம்பந்தமான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் ஏற்கப்பட்டது 17 சதவீதம், மற்ற உடல்நலக் கோரிக்கைகளில் 57 சதவீதம். இந்த நோயைப் பற்றி மருத்துவப் பரிசோதகர்களுக்கு 90 நிமிஷப் பயிற்சி ஒன்று இருந்தது. கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் எடுக்கலாம். எடுத்தவர்கள் பத்தில் ஒருவர். கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்ந்ததை, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. பாதுகாப்புத் துறைக்குள்ளேயே, நாடாளுமன்றம் நேரடியாகப் பணம் ஒதுக்கும் மருத்துவ ஆராய்ச்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காகப் பெண்கள் போராடி வாங்கியதில் ஆரம்பித்தது அது. ராணுவப் பட்ஜெட்டில் மார்பகப் புற்றுநோயா என்று அன்றைக்குச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். 2006ல் வளைகுடாப் போர் நோய்க்கும் அதில் இடம் கிடைத்தது, முதலில் வெறும் 50 லட்சம் டாலர், பிறகு வருஷத்துக்கு 2 கோடி வரை போனது. அங்கே எனக்குப் பிடித்தது பணம் இல்லை. எந்த ஆய்வுக்குப் பணம் கொடுக்கலாம் என்று மதிப்பெண் போடும் மேசையில் அந்த நோய் வந்த முன்னாள் வீரர்களும் உட்காருகிறார்கள், பேராசிரியருக்கு இருக்கும் அதே ஓட்டு அவர்களுக்கும் உண்டு. மருந்தை உடம்பில் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கும் அந்தத் திட்டம் பணம் கொடுத்தது. "இது உண்மையா?" என்று இன்னொரு தடவை கேட்க அந்த மேசையில் யாருக்கும் ஆர்வம் இருக்காது இல்லையா? 2025ல் அந்த மொத்தத் திட்டத்தின் பணத்தையே சுமார் 150 கோடி டாலரிலிருந்து 65 கோடிக்குக் குறைத்தார்கள். உருப்படியாக நடந்துகொண்டிருந்த இடத்தில் போய்க் கத்திரியை வைத்தார்கள்.

வியட்நாம் போரில் அமெரிக்கா ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைத் தெளித்தது நின்றது 1971ல். "நீ அங்கே இருந்தாய், இந்த நோய் வந்திருக்கிறது, போதும், தனியாக நிரூபிக்க வேண்டாம்" என்ற கொள்கையோடு சட்டம் வந்தது இருபது வருஷம் கழித்து, 1991 பிப்ரவரி 6. தேதியைக் கவனித்தீர்களா? வளைகுடாவில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பழைய தப்புக்குக் கையெழுத்து, இன்னொரு பக்கம் அதே தப்பு புதிதாக நடக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையைக் குழியில் போட்டு எரித்த புகையால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான சட்டம் 2022ல்தான் வந்தது. வளைகுடாப் போர் நோய்க்கென்று மருத்துவப் பதிவுகளில் ஒரு தனிக் குறியீடு கிடைத்தது 2025 அக்டோபரில். குறியீடு இல்லையென்றால் கணினிக்கு அந்த நோயே கிடையாது, எத்தனை பேருக்கு இருக்கிறது, எந்த மருந்து கேட்டது என்று எண்ணக்கூட முடியாது. அன்றைக்கு 22 வயதில் போனவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. களைப்பும் மறதியும் மூட்டு வலியும் "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்று சொல்லிவிடக்கூடிய வயது. எனக்கு இப்போது இருக்கும் பயமே அதுதான்.

நண்பருக்கு இதையெல்லாம் சுருக்கமாக அனுப்பியிருந்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த நாய்ப் பட்டை நிஜமாவே கட்டிக்கிட்டாங்களா?"

நிஜம்தான்.