ரெப்போ பெருத்தால் ஹிஸ்டரியில் கை வைப்பதா?

கிட் என்பது புரோகிராமில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்; அந்தப் பதிவுகளின் வரலாறு (ஹிஸ்டரி) மொத்தமும் இருக்கும் களஞ்சியம்தான் ரெப்போ. கிட் ரெப்போ பெருத்துப்போனால் "பழைய ஹிஸ்டரியை வெட்டிவிடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கூடவே "லினக்ஸையும் கிட்டையும் எழுதிய லினஸே அதைத்தானே செய்தார்" என்றும் வரும்.

செய்தார்தான். 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலை (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை) கிட்டுக்குக் கொண்டுவந்தபோது, 2.6.12-ஆர்சி2 பதிப்பையே முதல் கமிட்டாக (பதிவாக) வைத்தார். பழைய ஹிஸ்டரி கையில் இருந்தும் சேர்க்கவில்லை. சேர்த்தால் சுமார் 3.2 ஜிபி ஆகும், கிட் பிறந்த புதிதில் அந்தப் பாரம் வேண்டாம் என்று கமிட் குறிப்பிலேயே எழுதினார். வேண்டுமானால் பின்னால் தனி ரெப்போவாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. லினஸைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்னபடி, கிட்டுக்கு முன் பயன்படுத்திய பிட்கீப்பர் காலத்து ஹிஸ்டரியை கெர்னல் டெவலப்பர் தாமஸ் கிளைக்ஸ்னர் தனி ரெப்போவாக்கியும் வைத்தார்.

அன்றைய கிட், ஒரு கோப்பில் ஒரு வரி மாறினாலும் முழுக் கோப்பையும் இன்னொரு முறை சேமித்தது. அதே ஆண்டில் பேக்ஃபைல் என்ற சேமிப்பு முறை வந்துவிட்டது. ஒத்த பதிப்புகளில் வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொள்வதால், வருடக்கணக்கான புரோகிராம் கோடு கூட அதில் நன்றாகச் சுருங்கிவிடும். இன்று இடத்தை அடைப்பது பெரும்பாலும் யாரோ தெரியாமல் கமிட் செய்த ஜிப், டெமோ வீடியோ, டேட்டாபேஸ் டம்ப். ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியை வைத்து அவற்றை மட்டும் எடுங்களேன்.

அதுவும் லேசான வேலை இல்லை, சரி. ஒவ்வொரு கமிட்டின் ஹேஷிலும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) முந்தையதன் ஹேஷ் கலந்திருப்பதால், அடியில் ஒன்றைத் தொட்டால் அதன் மேல் வந்த அத்தனை ஹேஷும் மாறும். எல்லோரும் புதிதாக குளோன் (ரெப்போவின் நகல்) எடுக்க வேண்டும். ஒருவர் மறந்துபோய்ப் பழைய பிராஞ்சை (கிளையை) மெர்ஜ் செய்து, அதாவது இணைத்து, சர்வருக்குப் புஷ் பண்ணினால், எடுத்ததெல்லாம் திரும்ப வந்து உட்காரும். (அப்படி ஒருவர் எல்லா டீமிலும் இருப்பார்.)

பில்டு சர்வருக்கு ஷாலோ குளோன் (கடைசிச் சில கமிட்டுகள் மட்டும்) போதும். லேப்டாப்பில் இடம் இல்லையா, பார்ஷியல் குளோன் (பழைய கோப்புகளைத் தேவைப்படும்போது மட்டும் இறக்குவது) இருக்கிறது. இரண்டுக்கும் சர்வரில் இருக்கும் ஹிஸ்டரியைத் தொடவே வேண்டாம்.

கெர்னலின் ஒரு பழைய வரிக்கு பிளேம் (அதை யார், எந்தக் கமிட்டில் எழுதினார் என்று காட்டும் கட்டளை) போட்டால் இன்றும் 2005-இல் போய் முட்டி நிற்கும். அங்கே தேடுவதற்குத் தனி ரெப்போவும் மெயிலிங் லிஸ்டும் உண்டு. நம் அலுவலகங்களில், எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு அந்த இஃப் கண்டிஷன் ஏன் வந்தது என்று சொல்ல கமிட் குறிப்பை விட்டால் வேறு நாதி இல்லை.

வெட்டியே தீருவேன் என்றால், முதலில் மிரர் குளோன் (எல்லாக் கிளைகளும் சேர்ந்த முழு நகல்) எடுத்துப் பத்திரமான இடத்தில் வையுங்கள். அதன் முகவரியைப் புதிய முதல் கமிட்டின் குறிப்பில் எழுதுங்கள். தேவைப்படுகிறவர் கிட் ரீப்ளேஸ் கட்டளையை வைத்து இரண்டையும் தன் கணினியில் ஒட்டிக்கொள்வார்.